புகாரியும் காற்றின் வழியும்



உத்தியோக நிமித்தமாகவோ, இராணுவச் சேவையிலோ, படிப்பின் பொருட்டோ தமிழ்நாட்டிலிருந்து வடக்கே சென்று, சிம்லாவிலோ ஸ்ரீநகரிலோ லேயிலோ முதல் மார்கழியைக் கழிப்பவர்களுக்கு ஒரு புதிய சாமான் அறிமுகமாகிறது. இரும்புத் தகட்டாலான ஓர் உருளை. அதைத் தாங்கும் சிறு கால்கள். முன்புறம் ஒரு கதவு. தலையிலிருந்து எழும்பிக் கூரையையோ சுவரையோ துளைத்துக்கொண்டு வெளியே செல்லும் நீண்ட குழாய். காஷ்மீரிலும் லடாக்கிலும் இதைப் புகாரி என்று அழைக்கிறார்கள். இமாசலத்தின் மேல்மலைப் பகுதிகளில் இதற்கு நெருங்கிய உறவான பெட்டி வடிவ அடுப்புக்குத் தந்தூர் என்று பெயர். ரொட்டி சுடும் தந்தூர் வேறு, இது வேறு. இதன் மேற்பரப்பில் சமையல் நடக்கும்; வெந்நீரும் காயும்; அறையும் சூடேறும். புகார் என்ற சொல்லுக்குத் தமிழில் பனிமூட்டம் என்று பொருள் உண்டு. பனியை ஓட்ட வந்த அடுப்புக்கு இப்பெயர் பொருத்தமாக அமைந்தது தற்செயலே அன்றி வேறில்லை.

இந்த அடுப்பில் விறகு எரிக்கலாம், வரட்டி எரிக்கலாம், மரத்தூள் எரிக்கலாம், தக்க அமைப்பு இருந்தால் நிலக்கரியும் எரிக்கலாம். ஒன்று கிடைக்காத நாளில் மற்றொன்று கைகொடுக்கும். பனி விழுந்து மின்கம்பிகள் அறுந்து, மலைப்பாதைகளும் அடைபட்டுக் கிடக்கும் வாரங்களில் இது சிறிய உதவியன்று. ஆனால் எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் போட்டு எரிக்கலாம் என்று சிலர் இதற்குப் பொருள் கொண்டுவிடுகிறார்கள். அங்கேதான் விபரீதம் தொடங்குகிறது. ஒவ்வோர் எரிபொருளும் காற்றைத் தனக்கென்று ஒரு வழியில் கேட்கிறது. எந்த வழியில் என்று அறிந்துகொண்டால் பாதி விறகு மிச்சப்படும். அறையில் உறங்குபவர்களின் உயிருக்கும் அதுவே காப்பு.

முதலில் விறகை எடுத்துக்கொள்வோம். விறகு எரிகிறது என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில், சூடேறிய விறகிலிருந்து முதலில் நீர் ஆவியாகிறது. அதன்பின் கட்டை சிதைந்து பலவகை வாயுக்களை வெளிவிடுகிறது. அவ்வாயுக்களே சுவாலையாக எரிகின்றன. உலர்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இவ்விதம் வாயுவாகப் போய்விட, எஞ்சுவது கரியும் சாம்பலும். ஆகவே விறகுக்கு வேண்டிய காற்றில் பெரும்பகுதி, சுவாலை எழும் இடத்துக்கு மேலிருந்து வரவேண்டும். அடியில் ஓர் அங்குலச் சாம்பல் மெத்தை கிடந்தால் விறகு அதன்மேல் அமைதியாக எரியும். சாம்பலைத் தினமும் சுத்தமாக வழித்தெடுத்து அடுப்பைப் பளபளப்பாக வைப்பது விறகு எரிப்பவருக்கு வீண் வேலை.

நிலக்கரியின் சுபாவம் வேறு. அதன் பெரும்பகுதி திடப்பொருளாகவே கனன்று எரிவது. அக்கனலின் ஊடே அடியிலிருந்து காற்று ஏற வேண்டும். இதற்காகக் கம்பித்தட்டும், அதன்கீழ்ச் சாம்பல் தட்டும், சாம்பல் தட்டுக்கு எதிரே ஒரு காற்றுத் துவாரமும் தேவை. மேல்நாடுகளில் பல எரிபொருள் அடுப்பு என்று விற்கப்படுவனவற்றின் உட்பொருள் இவ்வளவுதான்: கீழே ஒரு காற்று வழி, மேலே ஒரு காற்று வழி, இடையே ஆட்டிச் சாம்பலை உதிர்க்கத்தக்க ஒரு கம்பித்தட்டு. விறகானால் கீழ் வழியைக் குறுக்கி மேல் வழியைத் திறக்க வேண்டும். நிலக்கரியானால் கீழ் வழியைத் திறக்க வேண்டும். நம் மலைக் கடைத்தெருக்களில் தகட்டை வளைத்துச் செய்து விற்கும் எளிய புகாரிகள் பலவற்றில் கம்பித்தட்டே இராது. அத்தகையதில் நிலக்கரியைக் கொட்டினால் அது மூச்சுத் திணறிப் புகைந்து கிடக்கும். கம்பித்தட்டு உள்ள அடுப்பிலும், சாம்பல் தட்டு நிரம்பிக் கம்பியைத் தொடும்வரை விட்டுவிடலாகாது. கீழிருந்து வரும் காற்றுதான் கம்பிகளைக் குளிர்விக்கிறது. அது நின்றால் கம்பிகள் பழுத்து வளைந்துபோகும்.

விறகையும் நிலக்கரியையும் ஒருசேரப் போடும் வழக்கமும் உண்டு. நிலக்கரியில் உள்ள கந்தகமும் விறகில் உள்ள ஈரமும் சேர்ந்து குழாயின் உட்புறத்தில் அமிலமாகப் படிகின்றன. தகட்டுக் குழாய் அதனால் விரைவில் அரித்துப்போகிறது. அரித்த ஓட்டை சிறிதாயினும் அதன் வழியே அறைக்குள் வருவது என்ன என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மரத்தூள் புகாரி நம்மவர்களுக்குப் புதியதன்று. தகர டப்பாவின் நடுவே ஒரு புட்டியை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து அடைத்து, புட்டியை மெதுவாக உருவி எடுத்துவிட்டு, அடித்துவாரத்தின் வழியே பற்றவைக்கும் மரத்தூள் அடுப்பைத் தமிழ்நாட்டில் நம் தாய்மார்கள் நெடுங்காலம் ஆண்டிருக்கிறார்கள். காஷ்மீரில் மரத்தூள் புகாரியும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். நடுவே உள்ள துவாரம் புகைபோக்கியாகவும் எரியும் சுவராகவும் இருந்து, உள்ளிருந்து வெளிநோக்கி மெல்ல எரிந்துகொண்டே வரும். மணிக்கணக்கில் யாரும் தொடவேண்டியதில்லை. தூள் உலர்ந்திருக்க வேண்டும்; நன்றாக அழுத்தப்பட்டிருக்க வேண்டும்; நடுவில் சரிந்து துவாரம் அடைபட்டால் அடுப்பு சுவாலையின்றிப் புகைய ஆரம்பிக்கும். அந்நிலையில் குச்சியால் கிளறுவது ஆபத்து. தேங்கிய வாயு திடீரென்று பற்றி முகத்தில் அடிக்கக்கூடும்.

மண்ணெண்ணெய்ப் புகாரி தனி வகுப்பு. சிறு தொட்டியிலிருந்து திருகுக் குழாய் வழியே எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி ஒரு கிண்ணத்தில் எரியும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. விறகுப் புகாரியில் மண்ணெண்ணெயை ஊற்றுவதும், அணைந்த எண்ணெய்ப் புகாரியை ஆறுமுன் மறுபடி பற்றவைப்பதும் செய்யவே கூடாதவை. சூடான கிண்ணத்தில் விழும் எண்ணெய் ஆவியாகி நிறைந்து, பின் ஒரே வீச்சில் வெடிக்கிறது. சியாச்சினிலும் லடாக்கிலும் உள்ள நம் போர்வீரர்களுக்கு இந்த வெடிப்பும், நச்சு வாயுவும் நெடுநாளைய தொல்லைகள். இவ்விரண்டையும் தவிர்ப்பதற்கென்றே டி.ஆர்.டி.ஓ. என்னும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஹிம் தாபக் என்ற புதிய புகாரியை உருவாக்கி 2021ஆம் ஆண்டில் அறிவித்தது.

இனி ஈரத்தைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். அத்தகைய ஒரு கிலோ விறகைப் போட்டால் அரைக் கிலோ நீரைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டியிருக்கிறது. இதற்குச் சுமார் 300 கிலோ கலோரி வெப்பம் செலவாகிறது. எஞ்சிய அரைக் கிலோ கட்டையோ சுமார் 2,200 கிலோ கலோரி தர வல்லது. ஆகவே நேரடியான நஷ்டம் ஏழில் ஒரு பங்குதானே என்று கணக்குப் போட்டு ஒருவர் ஆறுதல் அடையலாம். கணக்கு சரி, ஆறுதல் தவறு. நீர் கொதிக்கும்வரை விறகு சூடேறாது. அதனால் வெளிவரும் வாயுக்கள் எரியத்தக்க வெப்பமின்றிப் புகையாகவே வெளியேறுகின்றன. பெரிய நஷ்டம் அந்தப் புகையில்தான் இருக்கிறது. போகும் வழியில் அது குழாயின் உட்சுவரில் கீல்போலப் படிகிறது. ஒருநாள் அப்படிவு பற்றிக்கொண்டால் குழாய் முழுதும் செந்தழலாகி, மரக்கூரை வீடுகளை எரித்துவிடும். இரவெல்லாம் நெருப்பு இருக்கட்டும் என்று ஈர விறகை அடைத்துக் காற்று வழியை இறுக மூடிவிடுபவர்கள் இந்தக் கீலைத் தாங்களே காய்ச்சி ஊற்றுகிறார்கள்.

ஸ்ரீநகரில் விறகு குவிண்டால் கணக்கில் நிறுத்து விற்கப்படுகிறது. ஈர விறகு வாங்குபவர் நீருக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார். இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டு முதல், சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவிகிதத்துக்கு மிகக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. நமக்கு அத்தகைய சட்டம் இல்லை. காதும் கண்ணும் உண்டு. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் உலர்ந்தவை கணீரென்று ஒலிக்கும். ஈரமானவை மந்தமாக ஒலிக்கும். உலர்ந்த கட்டையின் முனைகளில் வெடிப்புகள் ஓடியிருக்கும். வெட்டிப் பிளந்து, மழை படாமல் காற்றுப் படும்படி அடுக்கி, ஒரு கோடையாவது கழிந்த விறகே எரிக்கத் தக்கது.

இப்பொழுது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காற்றுப் போதாமல் எரியும் எந்தக் கரியும் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயுவை உண்டாக்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் அது கரிக்காது. இரத்தத்தின் செந்நிறப் பொருளோடு பிராணவாயு சேர்வதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் இது சேர்ந்துகொள்கிறது. புகை இருந்தால் இருமி எழுந்திருப்போம், ஜன்னலைத் திறப்போம். சுவாலை அடங்கிக் கனல் மட்டும் தகதகவென்று கிடக்கும் வேளையில் புகை சிறிதும் இராது, அறை இதமாக இருக்கும், உறக்கமும் வரும். அந்த வேளையில்தான் இவ்வாயு மிகுதியாக உண்டாகிறது. டெல்லியிலும் பஞ்சாபிலும் அங்கீட்டி என்னும் கணப்புச் சட்டியைக் கதவடைத்த அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழுந்திராத செய்தி குளிர்காலந்தோறும் பத்திரிகைகளில் வருகிறது. வாயிற்காவலர்களும் லாரி ஓட்டுநர்களும் கூலிவேலை செய்பவர்களுமே பெரும்பாலும் இதற்கு இரையாகிறார்கள். நம் குமுட்டி அடுப்பும் இந்த அங்கீட்டியின் இனத்தைச் சேர்ந்ததே. கோடைக்கானலிலும் உதகையிலும் குளிருக்காக அதை அறைக்குள் கொண்டுபோவோர் இதை நினைவில் வைக்க வேண்டும். குழாய் இல்லாத எந்த அடுப்பும் உறங்கும் அறைக்குள் இருக்கலாகாது.

குழாய் இருப்பதனாலேயே புகாரி அங்கீட்டியைவிட மேலானது. ஆனால் அக்குழாய் வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள் உண்டு. மேல்முனை திறந்திருக்க வேண்டும். பனி மூடினாலும், கரி படிந்து குறுகினாலும் வாயு திரும்பி அறைக்குள் வரும். கனல் இருக்கும்போதே வெப்பத்தைச் சேமிக்கக் கருதிக் குழாயில் உள்ள அடைப்பானை மூடுவதும் அதே பலனைத் தரும். மற்றொரு நிபந்தனையைப் பலர் யோசிப்பதில்லை. அடுப்பு அறையின் காற்றை உண்டு வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவு காற்று வேறெங்கிருந்தாவது உள்ளே வரவேண்டும். ஜன்னல்களின் இடுக்குகளைக் காகிதமும் பிளாஸ்டிக் தாளும் ஒட்டி அடைத்துவிட்ட வீட்டில் அது வர வழியில்லை. அப்பொழுது புகைபோக்கியே உள்ளிழுக்கும் குழாயாக மாறிவிடக்கூடும். அடுப்புக்கு அருகில் உள்ள ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைப்பதால் வரும் குளிரைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. நெருப்புக்கும் காற்றுக் குறைவு, மனிதனுக்கும் குறைவு. கீழ்நாட்டில் தலைவலியோடு போகக்கூடிய அளவு நஞ்சு அங்கே அதிகக் கேடு செய்யும்.

தலைவலி, மயக்கம், குமட்டல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை வீட்டில் உள்ள பலருக்கும் ஒருங்கே தோன்றி, வெளியே போனால் தணியுமானால் அடுப்பைச் சந்தேகிக்க வேண்டும். எல்லோரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பிராணவாயு கொடுக்கச் செய்ய வேண்டும். கொரோனாக் காலத்தில் பல வீடுகளில் வாங்கி வைத்த விரல்நுனிக் கருவியை மாட்டிப் பார்த்து, பிராணவாயு 98 என்று காட்டுகிறதே என்று இருந்துவிடக் கூடாது. அந்தக் கருவிக்கு நஞ்சேறிய இரத்தத்தையும் நல்ல இரத்தத்தையும் பிரித்தறியத் தெரியாது. இவ்வாயுவுக்கென்றே மணியடிக்கும் சிறு மின்கலக் கருவிகள் இப்பொழுது கிடைக்கின்றன. ஒரு பருவத்தின் விறகுச் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம்.

காஷ்மீரிகளின் காங்ரியைப் பற்றி ஒரு வார்த்தை. பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதில் கனல். நீண்ட பெரன் அங்கியின் உள்ளே அதைச் சுமந்து நடப்பார்கள். எவ்வளவு சிறிய எரிபொருளில் எவ்வளவு சூடு என்று வியக்கத்தான் வேண்டும். எனினும் வயிற்றிலும் தொடையிலும் ஓயாமல் சுட்டுச் சுட்டுத் தோலில் புற்றுநோய் உண்டாவதை அங்குள்ள வைத்தியர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதோடு உறங்கப் போவது இரட்டை ஆபத்து.

கடைசியாகச் சாம்பல். அணைந்ததாகத் தோன்றும் சாம்பலுக்குள் கனல் ஒருநாள் முழுதும் உயிரோடு கிடக்கும். அதை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, மரத்தரையில் வைக்காமல் வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும். நன்றாக ஆறிய விறகுச் சாம்பல் தோட்டத்துக்கு உரமாகும். நிலக்கரிச் சாம்பலைக் காய்கறிப் பாத்தியில் போடக்கூடாது. பங்குனியில் புகாரியை எடுத்து வைக்குமுன் குழாய்களைக் கழற்றித் தட்டி, உட்புறத்தைத் தூரிகையால் தேய்த்து, ஓட்டை விழுந்தவற்றை அப்பொழுதே மாற்றிவிடுவது நலம். ஐப்பசியில் முதல் குளிர் வந்த அன்று கடைக்கு ஓடினால் தகட்டு வேலைக்காரருக்கு நின்று பேசக்கூட நேரம் இராது.