மேசை விரிப்பும் கைத்துண்டும்

(ஸ்ரீபெரும்புதூர் வட்டார ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நமது வட்டாரத்தில் விளைநிலம் சுருங்கி வருவதைத் தாங்கள் நேரில் காண்கின்றீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010இல் மற்றொரு கார்த் தொழிற்சாலையும், 2012இல் லாரித் தொழிற்சாலையும் இயங்கலாயின. இளைஞர்களுக்கு ஓரளவு வேலை கிடைத்தது. ஆனால் நடவும் களையெடுப்பும் குறைந்தபின், நாற்பது வயதைக் கடந்த பெண்களுக்குத் தொழிற்சாலை வாயிலில் இடம் கிடைப்பது அரிது. அவர்களுள் சில குழுவினர் வங்கிக் கடன் பெற்று, உணவு மேசைக்குரிய விரிப்பும் கைத்துண்டும் தைத்து விற்க முன்வந்துள்ளனர். ஊராட்சிக் கட்டடத்தைத் தையற்கூடமாகத் தரலாமா என்பது தங்கள் முன் உள்ள கேள்வி. தொழில் தவறினால் கடனைக் கட்ட வேண்டியவர்கள் அத்தாய்மார்களே. ஆதலின் இதன் தன்மையைச் சற்று விரிவாகக் கூறுகின்றேன்.

கைத்துண்டு என்று நான் சொல்வது, உண்பவர் மடிமேல் விரித்து வாய் துடைக்கும் சதுரத் துணியை. வியாபாரிகள் இதை ‘நாப்கின்’ என்பர். அச்சொல்லைக் கேட்டால் நம் பெண்கள் வேறொன்றை நினைப்பார்களாதலால் அதை விலக்குகின்றேன்.

இத்தொழிலில் நமக்கு வழிகாட்டி கரூர். அமராவதிக் கரையில் உள்ள அந்நகரின் நெசவாளர்கள் போர்வையும் துண்டும் நெய்து பழகியவர்கள். இன்று அங்கிருந்து மேசை விரிப்பு, கைத்துண்டு, சமையலறைத் துண்டு ஆகியவை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகின்றன. அத்தகைய ஊரோடு நெசவில் போட்டியிட நம்மால் இயலாது. நெய்து சாயமிட்ட துணியை அங்கிருந்து வாங்கி, இங்கே வெட்டித் தைப்பதே நமக்கு ஏற்றது.

சாயமிடுதல் மட்டும் நம் ஊருக்கு வேண்டாம். திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் கலந்ததால், பாசனத்திற்கென 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கு உதவாததாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூடும்படி உத்தரவிட்டது. நமது ஏரிகள் பலவற்றின் உபரி நீர் சென்னை மக்கள் பருகும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சேர்கிறது. சிறு சாயத் தொட்டி ஒன்று அமைக்கலாமே என்று எவரேனும் அனுமதி கேட்டால், ஊராட்சி மறுத்துவிட வேண்டும். வாங்கும் துணியிலும் கவனம் தேவை. கேடு விளைவிக்கும் அசோ வகைச் சாயங்கள் பலவற்றை நமது நாடு 1997இல் தடை செய்தது. வாயில் படும் துணி என்பதால், விற்பவரிடம் இதற்கான சான்றைக் கேட்டுப் பெறுதல் நலம்.

இனித் தையலைப் பற்றி. நட்டமெல்லாம் அளவில்தான் நேர்கிறது. 45 செ.மீ. சதுரக் கைத்துண்டு கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தை 1 செ.மீ. வீதம் இருமுறை மடிக்க, பக்கத்திற்கு 2 ஆக 4 செ.மீ. வேண்டும். அப்படியே 49 செ.மீ. வெட்டித் தைத்தால், முதல் சலவையில் பருத்தி நூற்றுக்கு ஐந்து சுருங்கி, துண்டு 43 செ.மீ.க்கும் குறைந்துவிடும். வாங்கியவர் திருப்பி அனுப்புவார். 52 செ.மீ. வெட்டுவதே சரி. 160 செ.மீ. அகலத் துணியில் குறுக்கே மூன்று துண்டுகள் கிடைக்கும். வீணாவது 4 செ.மீ. மட்டுமே. ஓர் இழையை உருவியெடுத்து, அந்தக் கோட்டின் வழியே வெட்ட வேண்டும். கண்ணளவில் வெட்டிய துண்டு துவைத்தபின் கோணலாகும். நான்கு மூலைகளிலும் மிகுதித் துணியைக் கத்தரித்து, இரு ஓரங்களும் சாய்வாகச் சேருமாறு தைத்தால்தான் மூலை தடிக்காது. வாங்குவோர் முதலில் தொட்டுப் பார்ப்பது இம்மூலையைத்தான். விரிப்புக்கும் கணக்கு இதுவே. மேசையின் அளவோடு, தொங்குவதற்காகப் பக்கத்திற்கு 20 முதல் 30 செ.மீ. சேர்க்க வேண்டும்.

யாருக்கு விற்பது? உணவு மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. அந்த இடத்தைத் துணி பிடித்துவிடும், கல்யாண மண்டபங்களுக்கெல்லாம் விரிப்பு வாடகைக்கு விடலாம் என்று குழுவினர் எண்ணுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பந்திக்கு 200 பேர், மேசைக்கு மூவர் என்றால் 67 விரிப்புகள் வேண்டும். மூன்று பந்திக்கு 201. சாம்பார் சிந்திய அத்தனையையும் மறு முகூர்த்தத்திற்குள் துவைக்க நீருக்கு எங்கே போவது? வாழையிலைக்குக் கீழே கழுவிய மேசையே போதும். நெடுஞ்சாலை உணவு விடுதிகளும், தொழிற்சாலைகளின் விருந்தினர் உணவறைகளுமே நாம் முதலில் அணுக வேண்டிய இடங்கள். அங்கே சலவைக்கு அவர்களே ஏற்பாடு செய்துகொள்வர். மொத்தத் துணி வாங்குமுன் எழுத்து மூலமான ஆர்டர் கையில் இருக்கட்டும். பத்து இயந்திரங்களுக்குக் கடன் கேட்டுள்ள குழுவினர், மூன்றோடு தொடங்கினால் போதும்.

மஞ்சள் கறையைப் பற்றி ஒரு வார்த்தை. சோப்புப் பட்டவுடன் அது சிவக்கும். பயந்து பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் சாயம் போகும். அலசி வெயிலில் காயவைத்தால் கறை தானே வெளுக்கும்.

கரூர்த் துணியில் தைத்த மாதிரி விரிப்பு ஒன்றும் கைத்துண்டுகள் ஆறும் இம்மேசைமேல் உள்ளன. மூலைத் தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கட்டடம் குறித்துத் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகின்றேன்.