இருளில் காணும் எலியின் கண்

நம் தோலின் ஓர் உயிரணுவுக்குள், ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் மிகாத உட்கருவினுள், ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை, சிக்குண்ட நூற்கண்டாக அன்றி, 46 குரோமோசோம்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிப் பிரதேசம் வகித்து அமைந்திருக்கிறது. செயலற்று அடர்ந்து கிடக்கும் பகுதிகள் பெரும்பாலும் ஓரத்துச் சுவரையே ஒட்டியிருக்கும். இரவில் நடமாடும் சுண்டெலியின் விழித்திரைக் கோல் அணுக்களிலோ, குட்டி பிறந்த சில வாரங்களில் இந்த ஒழுங்கு தலைகீழாகி, அடர்ந்த பகுதி மையத்தில் திரண்டு, நுண்ணியதொரு குவிவில்லையைப் போல மங்கிய ஒளியைச் சிதறவிடாமல் உள்ளே செலுத்துகிறது என்பதை, மியூனிக் நகர விஞ்ஞானிகள் முதலானோர் 2009இல் வெளியிட்டார்கள். பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் பொருளே கண்ணாடியாகவும் பணிபுரியும் இந்த அற்புதத்தை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பகலில் திரியும் அணிலின் கண்ணில் பழைய ஒழுங்கே நிலைத்திருக்கிறது.