பாலத்தைச் சுமக்கும் மண்



நான் இன்று பேச வந்திருக்கும் பாலத்தின் மேல் வண்டி ஓட்டிப் போகிறவருக்கு, கீழே ஒரு பாலம் இருப்பதே தெரியாது. நெளிநெளியாக அழுத்திய எஃகுத் தகடுகளைப் போல்ட்டு முடுக்கி வளைவாக நிறுத்துவார்கள். இருபுறமும் மேலேயும் மண்ணைக் கொட்டி இறுக்கி, அதன்மேல் சாலை போட்டுவிடுவார்கள்.

இதன் மூதாதை ஒரு சாதாரண வடிகால் குழாய். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கிராஃபோர்ட்ஸ்வில் என்னும் ஊரில் 1896இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். குழாய் நன்றாகவே உழைத்தது. எப்படி உழைக்கிறது என்பதற்குத்தான் கணக்கு இல்லை. சில மில்லிமீட்டர் கனமே உள்ள தகடு, அத்தனை மண்ணுக்கும் போக்குவரத்துக்கும் கீழே நசுங்காமல் இருப்பது எப்படி? அயோவாவில் பணியாற்றிய பொறியாளர் ஸ்பாங்லர் 1941இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். மேலே சுமை ஏறும்போது வளையம் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கிறது. பக்கத்து மண் அதைப் பிதுங்க விடாமல் திருப்பித் தள்ளுகிறது. ஆக, தகடு பாதிப் பாலம்; மீதிப் பாலம் மண்.

கட்டும் இடத்தில் போய் நின்றால் இது கண்ணுக்கே தெரியும். மண்ணை மெல்லிய அடுக்குகளாக, இரண்டு பக்கமும் மாறி மாறிப் போட்டுத் திமிசு அடிப்பார்கள். ஒரு பக்கம் ஓங்கிவிட்டால் வளைவு மறுபக்கம் சாயும். உள்ளே உச்சியிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்கும். பக்க மண் ஏற ஏற விலா நெருக்குண்டு உச்சி மேலே எழும். குண்டும் கூடவே எழும். தலைக்குமேல் மண் விழத் தொடங்கியதும் மெல்லக் கீழே இறங்கும். அந்தக் குண்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர்தான் அங்கே உண்மையான பொறியாளர் என்பேன்.

சுற்றுச்சூழல் லாபமும் இந்த மண்ணில்தான் பிறக்கிறது. சுமையில் பெரும்பங்கை மண்ணே ஏற்பதால் சிமெண்டும் எஃகும் குறைகின்றன. குறைந்த நீளப் பாலங்களில் இதைக் கான்கிரீட் சட்டகப் பாலத்தோடு ஒப்பிட்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2018இல் ஆயுட்கால மதிப்பீடு வெளியிட்டார்கள், நெளித்தகடே முந்தியது. தகடுகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி லாரியில் கொண்டுவந்துவிடலாம். விரிவு இணைப்பு இல்லை, தாங்கி இல்லை. பாலம் ஏறும் இடத்தில் வண்டியைத் தூக்கிப்போடும் அந்தக் குலுக்கலும் இராது. அடிப்பக்கம் திறந்த வளைவாக வைத்தால் ஓடையின் படுகையைத் தொடவே வேண்டாம்.

இந்த வளைவு விலங்குகளுக்கும் வழி விடும். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு அடியில் 7 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரத்தில் நெளித்தகட்டு வழிகள் விலங்குகளுக்கென்றே வைத்திருக்கிறார்கள். வேலியும் இத்தகைய வழிகளும் வந்தபின் அங்கே விலங்கு மோதும் விபத்துகள் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வழி பிடிக்கவில்லை. கருங்கரடியும் கூகர் என்னும் மலைச்சிங்கமும் குறுகிய வழியை விரும்ப, ஓநாயும் கிரிஸ்லி கரடியும் அகன்ற, உயர்ந்த வழியைத் தேடின.

  

குறையையும் சொல்லியாக வேண்டும். 2003இல் கொலராடோவில் வெய்ல் அருகே இப்படி ஒரு குழாய் பழுதாகி, மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலையொன்று குழிந்துபோனது. துத்தநாகப் பூச்சு முதலில் தேய்வது தண்ணீரும் சரளையும் உரசும் அடிப்பகுதியில். கடின நீர் தகட்டின்மேல் சுண்ணப் படலம் பூசிக் காக்கும். மென்னீரில் அந்தக் காப்பு கிடையாது. மலை ஓடையின் தூய நீர் என்று மகிழ்ந்துபோகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒப்பந்தப்புள்ளியில் தகட்டின் கனத்துக்கு நாலு பக்கம் ஒதுக்கி, நிரப்பும் மண்ணுக்கு ஒரே வரி எழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கண்ட மண்ணைக் கொட்டினால் பாதிப் பாலம் கட்டாமலே விட்டதாகும். தேய்மானத்துக்காவது பிறகு மருந்து உண்டு. அடிப்பகுதி தேய்ந்தால் கான்கிரீட் பூசலாம். அதற்கும் மீறினால் பழைய வளையத்துக்குள் சிறிய புது வளையத்தை நுழைத்து இடைவெளியில் கலவை நிரப்பலாம். சாலையைத் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் வெள்ளம் போகும் வாய் சுருங்கும் என்பதால், மழைக்கணக்கை மறுபடி போட்டுப் பார்த்த பிறகே அதில் கை வைக்க வேண்டும்.