அவசர வண்டி: உரிமையும் கடமையும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



1990 என்னும் தொலைபேசி இலக்கத்தை இன்று அறியாதார் மிகச் சிலரே. ஆயினும், அந்த இலக்கத்தை யார், எப்போது அழைக்க வேண்டும் என்பதை நாம் ஆறஅமர ஆராய்ந்தோமா? அதுபற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

2016 யூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 அம்புலன்ஸ் வண்டிகளுடன் இச்சேவை தொடங்கிற்று. 2018 யூலையில் வட மாகாணத்துக்கு வந்தது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் பாராளுமன்றம் இதற்கென ஒரு நிறுவகத்தை அமைத்தது. இந்திய அரசின் நன்கொடையாக 297 வண்டிகள் கிடைத்தன. நோயாளி ஒரு சதமேனும் கொடுக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற உதவியாளர் வண்டியோடு வீட்டு வாசலுக்கே வருகிறார். ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே வண்டி. இது பெரும் பேறு.

ஆனால் ஒரு கணக்கை எண்ணிப் பாருங்கள். அந்த 297 வண்டிகளை இத்தீவின் 2 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்குப் பங்கிட்டால், ஏறக்குறைய 70,000 பேருக்கு ஒரு வண்டிதான் வரும். பல்வலிக்காரரை ஏற்றிச் சென்ற வண்டி, அதே வேளையில், வயல் வரம்பிலே விரியன் தீண்டிய கமக்காரனிடம் போக முடியாது. பாம்பு விஷத்துக்கு மாற்று மருந்து வைத்தியசாலையில்தான் உண்டு. பாரிசவாதம் கண்டவருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அங்கே கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஒருவரின் கை, கால், உயிர்!

கமக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சிறுபோகத்தில் குளத்து நீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். முறை தவறி ஒருவன் இரவிலே வாய்க்காலை வெட்டினால், அவன் திருடுவது அரசாங்கத்தின் நீரையன்று; கடைக்கோடி வயற்காரனின் நீரையே. அவசர வண்டியும் அத்தகைய முறைத்தண்ணீரே.

வீண் அழைப்பு விடுப்போர் மூவகையினர். விளையாட்டுக்குப் பொய் சொல்லி அழைப்போர் முதலாமவர். வாடகை மிச்சம் என்று, மாதாந்தக் கிளினிக்குக்குச் செல்ல அழைப்போர் இரண்டாமவர். மீண்டும் மீண்டும் அழைக்கும் ஆதரவற்றோர் மூன்றாமவர். இம்மூவரையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியன்று.

இங்கிலாந்தின் அனுபவம் இங்கு நமக்கு உதவும். 999 என்னும் அவசர இலக்கம் அங்கே 1937இல் இலண்டனில் தொடங்கிற்று. ஒரு மாதத்தில் 5 தடவை அல்லது மூன்று மாதங்களில் 12 தடவை அழைக்கும் வளர்ந்தோரை, அங்குள்ள அம்புலன்ஸ் சேவைகள் அடிக்கடி அழைப்போர் எனக் கணக்கிடுகின்றன. பிறருக்குத் தொல்லை தரும் நோக்குடன் தொடர்ந்து தொலைபேசியைப் பயன்படுத்துவோரை 6 மாதம் வரை சிறையிலிட 2003ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. ஆயினும் அச்சேவைகள் எடுத்த எடுப்பிலேயே நீதிமன்றத்துக்கு ஓடுவதில்லை. அழைப்பவரின் குடும்ப வைத்தியரையும் சமூகசேவையாளரையும் கலந்து, அழைப்பின் காரணத்தைத் தேடுகின்றன. ஏனெனில், அவருட் பலர் முதுமையாலும், தனிமையாலும், மனநோயாலும், நாட்பட்ட பிணியாலும் வருந்துவோர்.

நம் ஊர்களிலும் அதுவே நிலை. பிள்ளைகள் கனடாவில், தாய் தனியே வீட்டில். நடுநிசியில் நெஞ்சு படபடத்தால் அவள் யாரை அழைப்பாள்? அந்தியோடு பஸ் நின்றுவிடும் ஊரில், காய்ச்சற் பிள்ளையைத் தகப்பன் எதில் ஏற்றுவான்? அவர்களைக் குற்றவாளிகள் என்பது எளிது. அவர்கள் அழைக்க வேறு கதவு இல்லை என்பதே உண்மை.

கட்டணம் விதித்தால் வீண் அழைப்பு நின்றுவிடும் என்பாரும் உளர். நான் அதை மறுக்கிறேன். கட்டணம் முதலில் தடுப்பது வசதியுள்ளவனின் வீண் அழைப்பையன்று. பாம்பு தீண்டிய கூலியாளின் அவசர அழைப்பையே!

ஆகவே, செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் கிராம அபிவிருத்திச் சங்கமும், அவசரமற்ற நோயாளரை ஏற்றிச் செல்ல வாகன உரிமையாளர் பட்டியலொன்றை முறை வைத்து வகுக்க வேண்டும். இரண்டாவது, ஓய்வுபெற்ற தாதியரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் தனித்து வாழும் முதியோரை வாரந்தோறும் சென்று காண வேண்டும். மூன்றாவது, கிராமப்புற வைத்தியசாலைகளில் மாலை வேளைச் சிகிச்சையும், இரவிலே ஒரு பஸ் சேவையும் வேண்டுமென நாம் அரசாங்கத்தை விடாது வற்புறுத்த வேண்டும். முதலிரண்டும் நம் கடமை. மூன்றாவது நம் உரிமை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. என் பேச்சைக் கேட்டு எவரும் அஞ்சி, அழைக்காது இருந்துவிடாதீர்கள். நெஞ்சு வலியா, மூச்சுத் திணறலா, வாய் கோணுகிறதா, கை சோர்கிறதா, பாம்புக் கடியா, நஞ்சா, உழவு இயந்திரம் கவிழ்ந்ததா, பிரசவ வேதனையா, நிற்காத இரத்தமா, ஐயமாக இருக்கிறதா? உடனே அழையுங்கள். அஃது உங்கள் உரிமை. வண்டி தேவையில்லை எனத் திடமாகத் தெரிந்த வேளையில் அழையாதிருங்கள். அஃது அயலானுக்கு நீங்கள் செய்யும் கடமை.