கல்லுக்கும் விலாசம் உண்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவன் என்றதும், "மம்மி பார்த்திருக்கீங்களா சார்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பார்த்திருக்கிறேன். ஐதராபாத்தில், தெலங்கானா மாநில அருங்காட்சியகத்தில் ஓர் எகிப்திய மம்மி இருக்கிறது. 2016-ல் துணிக்கட்டைப் பிரிக்காமலே அதை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பூச்சியும் பூஞ்சையும் அண்டாதபடி ஆக்சிஜன் நீக்கிய கண்ணாடிப் பேழையில் வைத்தார்கள். 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ, கூட்டம் கூட்டி மம்மியின் கட்டை அவிழ்த்து வேடிக்கை காட்டினார்கள்! எந்தக் கல்லறையில் கிடைத்தது என்ற குறிப்பே இல்லாமல் கைமாறிய மம்மிகளும் உண்டு.

நம் பக்கத்தில் மம்மி இல்லை. அதைவிடப் பழசு இருக்கிறது. சாத்தனூர் கல்மரத்தை 1940-ல் உலகுக்குச் சொன்னவர் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன். நீளம் 18 மீட்டர். வயது சுமார் 12 கோடி ஆண்டு. நாம் நிற்கிற இந்தச் சீமை ஒரு காலத்தில் கடல். காரையிலும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குழிகளிலும் கிடைக்கிற அம்மோனைட், நத்தை மாதிரி சுருண்ட கடல் உயிரி. 1860-களில் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிஸ்காவும் இந்தப் பகுதியைப் பற்றி எழுதியதால், ஊட்டத்தூரும் அரியலூரும் பாறைத் தொகுதிகளின் பெயராகவே நிலைத்துவிட்டன.

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, ஒரு குழியிலிருந்து உள்ளங்கை அகல அம்மோனைட் ஒன்றைப் பையில் போட்டு வந்தேன். பளபளக்கட்டும் என்று வார்னிஷ் வேறு அடித்தேன். அம்மா அதை ஊறுகாய் ஜாடி மூடிமேல் பாரமாக வைத்தார்கள். பல வருடம் கழித்து ஒரு மூத்த ஆய்வாளரிடம் காட்டினேன். "எந்த ஊர், எந்த அடுக்கு?" என்றார். சொல்லத் தெரியவில்லை. "அப்ப இது அழகான கல்லு தம்பி, அவ்வளவுதான்" என்றார். திரும்பிப் போய்ப் பார்த்தேன். அந்த அடுக்கே சிமெண்டாகிப் போயிருந்தது.

தம்பி, தங்கைகளே! பாதுகாப்பு என்பது கண்ணாடிப் பெட்டியில் தொடங்குவதில்லை. ஒரு துண்டுச் சீட்டில் தொடங்குகிறது. கண்டால் பெயர்க்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள். ஊர், இடம், அடுக்கு, தேதி எழுதுங்கள். கழுவவோ வார்னிஷ் அடிக்கவோ வேண்டாம். ஆசிரியரிடம் சொல்லுங்கள், வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது, அங்கே சொல்லுங்கள்.

என் கல் இன்னும் வீட்டில் இருக்கிறது, விலாசம் இல்லாமல். உங்கள் கைக்கு வருவதாவது ஊர்பேரோடு இருக்கட்டும்.