மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால்

(புனேயில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. 1998-ல் ஸ்கூட்டர் விபத்தில் என் மண்ணீரல் கிழிந்து, அவசர ஆபரேஷன் செய்து அதை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று வீடு திரும்பினோம். இனி என்ன ஜாக்கிரதை வேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. நாலு வருஷம் கழித்து, வேறு ஒரு டாக்டர் வயிற்றுத் தழும்பைப் பார்த்து, "தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா?" என்று கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. அன்றிலிருந்து கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

மண்ணீரல் இடது விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது. எடை சுமார் 150 கிராம். பழசாகிப்போன சிவப்பணுக்களைக் கழிப்பதோடு, ரத்தத்தில் நுழையும் கிருமிகளையும் வடிகட்டுகிறது. சில பாக்டீரியாக்கள் வழவழப்பான உறை போர்த்தியவை. அவற்றைப் பிடிப்பதில் மண்ணீரலுக்குத்தான் முக்கியப் பங்கு. இவற்றில் நிமோகாக்கஸ் முதலாவது. மெனிங்கோகாக்கஸும், ஹிப் என்கிற கிருமியும் அடுத்தவை.

மண்ணீரல் இல்லாதவர்களுக்கு இந்தக் கடும் தொற்று அபூர்வமாகத்தான் வரும். வந்தால், குளிர் ஜுரமாகத் தொடங்கி ஓரிரு நாளுக்குள் உயிருக்கே ஆபத்தாகிவிடும். சிகிச்சை கிடைத்தும் பலர் பிழைப்பதில்லை. முதல் 2, 3 வருஷங்களில் அபாயம் அதிகம். ஆனால் ஆயுள் முழுவதும் அது தீர்வதில்லை.

விபத்து மட்டும் காரணமல்ல. பிளேட்லெட் குறைபாடு, தலசீமியா போன்ற நோய்களுக்காகவும் மண்ணீரலை எடுப்பதுண்டு. விதர்பாவிலும் நந்துர்பாரிலும் காணப்படும் சிக்கிள் செல் நோயில், மண்ணீரல் உடம்பில் இருந்தும் வேலை செய்யாமல் போய்விடும்.

புனேக்காரர்களான நமக்குத் தடுப்பூசி புதிதல்ல. 1966-ல் தொடங்கிய சீரம் இன்ஸ்டிடியூட் இந்த ஊரில்தான் இருக்கிறது. அங்கே தயாரான மூளை உறைக் காய்ச்சல் தடுப்பூசி 2010-ல் ஆப்பிரிக்காவின் பர்கினா ஃபாஸோவுக்குப் போயிற்று. ஐந்து வகைக் கிருமிகளுக்கான புது ஊசி 2024-ல் நைஜீரியாவில் போடப்பட்டது. இருந்தும் ஊசி என்றால் குழந்தைகளுக்குத்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம்.

மண்ணீரல் இல்லாத பெரியவர்களுக்கு நாலு ஊசிகள் முக்கியம். நிமோகாக்கஸ் ஊசியில் 20 வகைக் கிருமிகளுக்கானது என்றால் ஒன்றே போதும். 13 அல்லது 15 வகைக்கானது என்றால், குறைந்தது 8 வாரம் கழித்து 23 வகைக்கான ஊசியும் வேண்டும். மெனிங்கோகாக்கஸ் ஊசி 8 வார இடைவெளியில் 2 முறை, பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை. ஹிப் ஊசி ஒரு முறை. ஃப்ளூ ஊசி வருஷா வருஷம். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் குறைந்தது 2 வாரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அவசர ஆபரேஷன் என்றால் 2 வாரம் கழித்துப் போடுவது நல்லது. எது, எப்போது என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

ஊசி எல்லாக் கிருமிகளையும் தடுத்துவிடாது. ஆகவே 100.4 டிகிரி காய்ச்சலோ, குளிர் நடுக்கமோ வந்தால், மிளகு ரசமும் குரோசினும் சாப்பிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. இதற்கென்று டாக்டர் முன்கூட்டியே எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் கையில் இருந்தால் முதல் டோஸைப் போட்டுக்கொண்டு, நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனதும் முதல் வார்த்தையாக, "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று சொல்ல வேண்டும். பேச முடியாமல் போகலாம் என்பதால் பர்ஸில் ஒரு சீட்டும் இருக்கட்டும். நாய் கடித்தால் ரேபீஸ் ஊசி மட்டும் போதாது. நாயின் வாயிலுள்ள ஒரு பாக்டீரியா நம்மைப் போன்றவர்களுக்குப் பொல்லாதது, அதற்கு ஆன்டிபயாடிக்கும் வேண்டும். மலேரியாவும் நமக்குக் கடுமையாக வரும். கொசுவலையை அலட்சியம் செய்யாதீர்கள்.

பல ஊர்களில் இதைப் படிக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது வயிற்று ஆபரேஷன் நடந்திருந்தால், பழைய டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். அதில் 'ஸ்ப்ளீனெக்டமி' என்ற சொல் இருந்தால், இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். 20 வருஷம் ஆகியிருந்தாலும் இப்போது ஊசி போட்டுக்கொள்ளலாம்.