வண்டுக் கணக்கு நம் கையில் இருக்கட்டும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

நாற்று விட்டு, நடவு நட்டு, களை பறித்து, அறுத்து அடித்துக் களத்திலே நெல்லைக் குவிப்பவர்கள் நாம். அதை அவித்து, அரைத்து, மூட்டை பிடித்து, முதுகிலே சுமந்து கிட்டங்கியில் அட்டி போடுபவர்களும் நாம்தான். சில மாதம் கழித்து அந்த அரிசியே விலைக்கோ ரேஷனுக்கோ நம் வீட்டுக்கு வருகிறது. முறத்தில் கொட்டினால் சில சமயம் வண்டு ஊர்கிறது. உளுத்த மாவு பறக்கிறது. “அரிசி என்றால் வண்டு இருக்கத்தான் செய்யும்” என்று சொல்லிக்கொண்டு நம் பெண்கள் புடைக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். இருக்கத்தான் வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது. அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்வோம். அரிசிக் கூன்வண்டு மூக்கு நீண்ட சின்னப் பூச்சி. பெண் வண்டு மணியைத் துளைத்து, உள்ளே ஒரு முட்டையை வைத்து, துளையைப் பசையால் அடைத்துவிடுகிறது. புழு உள்ளேயே இருந்து தின்று வளர்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வருகிறது. ஒரு பெண் வண்டு 300 முட்டை வரை இடக்கூடும். புழு உள்ளே தின்னும் நாளெல்லாம் மணி வெளிப்பார்வைக்கு நல்ல மணிதான்! அட்டியின் மேல் வண்டு ஊர்வதைக் கண்டு நாம் விழிக்கும்போது, உள்ளே ஒரு தலைமுறை தின்று முடித்திருக்கும். வண்டு பெருகினால் தானியம் சூடேறும், ஈரம் சேரும், பூஞ்சணம் பிடிக்கும்.

அப்படியானால் முன்கூட்டியே அறிவது எப்படி? குத்தூசி போட்டு ஒரு கைப்பிடி எடுத்துப் பார்ப்பது பழைய வழக்கம். அது தேவைதான். ஆனால் வண்டு குறைவாக இருக்கும்போது அந்தக் கைப்பிடியில் அகப்படாமல் போய்விடும். பொறி அப்படியல்ல. இரவும் பகலும் அங்கேயே நின்று காவல் காக்கிறது.

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு குழாய்ப் பொறியை உருவாக்கித் தந்திருக்கிறது. அதில் மாய வித்தை ஒன்றும் இல்லை. குழாயின் சுவரில் 2 மில்லிமீட்டர் அளவில் துளைகள். அடியிலே கழற்றி மாட்டக்கூடிய கூம்பு. தானியத்துக்குள் நடமாடும் வண்டு காற்றோட்டத்தை நாடிப் போகும் குணமுடையது. துளை வழியே நுழைகிறது, வழுக்கி விழுகிறது, ஏற முடியாமல் கூம்பிலே கிடக்கிறது. தானியத்தின் மேற்பகுதியில் இதைச் செங்குத்தாகச் செருகி, வாரம் ஒருமுறை கூம்பைக் கழற்றி எண்ண வேண்டும். மூட்டை அட்டிக்கென்று தனிக் குழாயும் இருக்கிறது. கிட்டங்கி மூலைகளில் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைக்க, புற ஊதா விளக்குப் பொறியும் இருக்கிறது. பறக்கும் தானியத் துளைப்பான் அதில் வந்து விழும்.

பொறியால் ஆகாததையும் சொல்லிவிடுவோம். மணிக்குள் இருக்கும் முட்டையும் புழுவும் அதில் விழா. குளிர்காலத்தில் வண்டு அதிகம் நடமாடாது; மார்கழியில் எண்ணிக்கை குறைந்தால் வண்டு ஒழிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு வாரத்துக் கணக்கு போதாது. இந்த வாரம் 2, அடுத்த வாரம் 5, அதற்கடுத்த வாரம் 14 என்று ஏறினால், அதுதான் அபாய மணி!

இந்தக் கணக்கு நம் உயிரையும் தொட்டது. வண்டைக் கொல்ல அட்டியை உறையால் மூடி, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கிறார்கள். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பீன் வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. கணக்குப் பார்க்காமல், தேவையில்லாதபோதும் மருந்து வைத்தால், வாயு நெடியிலே மூட்டை தூக்குபவர் யார்? கிழிந்த உறையைப் போட்டு, நாள் போதுமுன் திறந்தால், வாயுவுக்குத் தப்பிய வண்டு பெருகும். அடுத்த முறை அந்த மருந்துக்கு அது சாகாது. மருந்துக்கு அடங்காத வண்டினங்கள் இந்தியாவிலும் தோன்றிவிட்டன. செலவும் வீண், தானியமும் வீண், நெஞ்சும் வீண்!

ஆகவே நாம் கேட்பவை சில. ஒவ்வொரு கிட்டங்கியிலும் பொறி வையுங்கள். வாரந்தோறும் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் முன்னிலையில் எண்ணி, எல்லோரும் பார்க்கப் பலகையில் எழுதுங்கள். எண்ணிக்கை ஏறினால் மட்டும், கிழியாத உறை போட்டு, உரிய நாள் முழுதும் மூடி, மருந்து வையுங்கள். காற்றோட்டம் விட்டு, வாயு போய்விட்டதா என்று அளந்து பார்த்த பிறகே ஆளை உள்ளே விடுங்கள். இவையெல்லாம் சலுகையா? இல்லை, வேலை ஒழுங்கு.

வீட்டிலும் செய்வோம். நெல்லை நன்றாகக் காயவைத்துக் குதிரில் கொட்டுவோம். பழைய சாக்கை வெயிலில் உதறிய பின்பே புதுத் தானியத்தைப் போடுவோம். விதை நெல்லிலும் ஒரு குழாயைச் செருகி, வாரா வாரம் பிள்ளைகளை எண்ணச் சொல்வோம்.

தோழர்களே! விளைந்த நெல்லை மரக்கால் மரக்காலாக அளந்தவர்கள் நாம். அதைத் தின்னும் வண்டையும் இனி நாமே எண்ணுவோம்!